மூச்சுச் சென்சரால நுரையீரல் புற்றுநோயைப் பிடிக்கலாமோ? இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆலோசனை வேணும்

அறிவியல்நகர்_அணி4 கேட்டது:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். கிளிநொச்சி அறிவியல்நகரில பொறியியல் படிக்கிற நாலு பேர் சேர்ந்து இறுதியாண்டுத் திட்டமா ஒரு மூச்சுப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறம். நுரையீரல் புற்றுநோய் உள்ளவையின்ர மூச்சில சில ஆவிகளின்ர அளவு மாறும், அதைச் சென்சரால பிடிக்கலாம் எண்டு வாசிச்சுத்தான் தொடங்கினது. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்துச் சனம் ஒரு ஸ்கானுக்கு எண்டால் திகதி எடுத்து, பஸ் பிடிச்சு, ஒரு நாள் கூலியையும் விட்டிட்டுப் போகவேணும். ஊதிப் பாத்துச் சொல்லுற பெட்டி ஒண்டு கிராமத்து ஆஸ்பத்திரியில இருந்தால் எவ்வளவு நல்லம் எண்டது எங்கட எண்ணம்.

இப்ப இருக்கிற அமைப்பு இதுதான். எம்.கியூ. 3, எம்.கியூ. 135, எம்.கியூ. 138, ரி.ஜி.எஸ். 2602 எண்ட நாலு வாயுச் சென்சரையும் ஒரு பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள வைச்சு, மூடியைச் சிலிக்கோன் பசையால ஒட்டியிருக்கிறம். நாலின்ர வெளியீடும் நேர ஆர்டுயினோ ஊனோ எண்ட சின்னக் கணினிப் பலகைக்குப் போகுது. மின்சாரம் போன் சார்ஜரால. ஸ்ட்ரோவால 5 செக்கன் ஊதவைச்சு, உச்சப் பெறுமானத்தை எடுக்கிறம். எங்கட வகுப்பில 24 பேர், ஆளுக்கு மூண்டு தரம், மொத்தம் 72 வரிசை. அதில 8 பேர் புகைக்கிற ஆக்கள். தரவைப் பழக்க 80, சோதிக்க 20 எண்டு எழுமாற்றாப் பிரிச்சு, ரண்டம் ஃபொரஸ்ற் எண்ட கணினி வகைப்படுத்தல் முறையை ஓடவிட்டால் புகைக்கிறவை, புகைக்காதவையை 96 வீதம் சரியாப் பிரிக்குது.

பிரச்சினையும் இருக்கு. ஒரே ஆள் காலையில ஊதினால் ஒரு எண், பின்னேரம் ஊதினால் வேற எண். ஊதி முடிஞ்சு பத்து நிமிசமாகியும் அடிக்கோடு (மூச்சு இல்லாத நேரம் சென்சர் காட்டுற எண்) பழைய இடத்துக்கு வருகுதில்லை. கரண்ட் போய் வந்தால் எல்லாமே இடம்மாறி நிக்குது. அடுத்த கட்டமா புற்றுநோய்க் கிளினிக்குக்கு வாற 30 பேரையும் கம்பஸில 30 பேரையும் ஊதவைச்சு ஒப்பிட யோசிச்சிருக்கிறம். இன்னும் என்ன சென்சர் போடவேணும்? 30க்கு 30 காணுமோ?

முதிரைக்கட்டை எழுதியது:

தங்கச்சி, தம்பிமார், புதுச் சென்சர் வேண்ட முதல் அந்தச் சிலிக்கோன் பசையைப் பாருங்கோ. இந்தச் சென்சர்களுக்குள்ள இருக்கிறது சூடாக்கின வெள்ளீய ஒட்சைட்டு. பசை காயேக்க புளிச்ச மணத்தோட சிலோக்சேன் ஆவியும் வரும். அது சூடான மேற்பரப்பில பட்டுச் சிலிக்காப் படையா ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவியோ காயவைச்சோ எடுக்க ஏலாது. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற நாலையும் சந்தேகத்தோட பாருங்கோ. ஒவ்வொரு வகையிலயும் புதுசு ஒண்டு வேண்டி, பழசுக்குப் பக்கத்தில வைச்சு, ஒரே வாயுவைக் குடுங்கோ. பழசின்ர பதில் பாதிதான் எண்டால் அது முடிஞ்சுது. இனி மூடிக்கு ரெஃப்லோன் நாடா, திருகாணி, ரெஃப்லோன் வாசர் போதும். சிலிக்கோன் குழாயும் வேண்டாம், அது ஆவியை உறிஞ்சி வைச்சு அடுத்த ஆளின்ர மூச்சில விடும். சாப்பாட்டுப் பெட்டியும் முப்பரிமாண அச்சில அடிச்ச பெட்டியும் தாங்களே மணம் விடும். கண்ணாடிப் போத்தல் அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கிண்ணம் நல்லம். நாலு சென்சருக்கு உள்ளளவு 100 மில்லிலீற்றருக்குள்ள நிக்கவேணும். பெட்டி பெரிசெண்டால் பழைய மூச்சு வெளியேறக் கன நேரம் எடுக்கும். உங்கட அடிக்கோடு திரும்பாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஈரப்பதன். சூடான ஒட்சைட்டின்ர மேல ஒட்சிசன் ஒட்டி நிண்டு இலத்திரனைப் பிடிச்சு வைச்சிருக்கும். எரியக்கூடிய ஆவி வந்தால் அந்த ஒட்சிசன் அதோட தாக்கமடைய, இலத்திரன் விடுபட்டுத் தடை குறையும். நீராவியும் அதே இடத்துக்குப் போட்டிபோடும். 30 பாகையில 70 வீத ஈரப்பதன் உள்ள திறந்த வார்ட்டில ஒரு கனமீற்றர் காத்தில ஏறக்குறைய 21 கிராம் நீர் இருக்கும். 24 பாகை, 50 வீதத்தில ஓடுற ஏ.சி. அறையில 11 கிராம். வாயால வாற மூச்சு 34 பாகையில நிரம்பலா வரும், அது 37 கிராமுக்கு மேல. நீங்கள் ஊதவைச்சுப் பாத்த உச்சத்தில பெரும்பங்கு தண்ணிதான். மூச்சில ஒட்சிசனும் 21இல இருந்து 16 வீதமளவுக்கு இறங்கியிருக்கும், அதுவும் தடையை மாத்தும்.

அதாலை அறைக் காத்தை அடிக்கோடா வைக்காதேங்கோ. காத்தை அக்டிவேட்டட் காபன் நிரப்பின குழாய்க்குள்ளால இழுத்து, பிறகு 35 பாகையில வைச்ச காய்ச்சிவடிச்ச தண்ணிக்குள்ள குமிழவிட்டு எடுங்கோ. ஈரமான சுத்தமான காத்து வரும். அதைத்தான் அடிக்கோடா எடுக்கவேணும். பெட்டிக்குள்ள எஸ்.எச்.ரி. 31 மாதிரி ஒரு ஈரப்பதன் சென்சரும் வைச்சு ஒவ்வொரு செக்கனும் பதியுங்கோ. ஈரத்தை எடுக்க நஃபியன் குழாய் போடச் சொல்லி ஆரும் சொன்னால் கவனம். அது தண்ணியோட சேர்த்து எதனோல், அசற்றோன் மாதிரியான முனைவுள்ள சேர்வைகளையும் கொண்டுபோகும்.

மின்சாரம்: எம்.கியூ. ஒண்டின்ர சூடாக்கி ஏறக்குறைய 150 மில்லி அம்பியர் இழுக்கும். போன் சார்ஜர் பாரத்தில 4.7 வோல்ற்றுக்கு இறங்கினால் ஒட்சைட்டின்ர வெப்பநிலை மாறும், அதோட எல்லா எண்ணும் மாறும். சூடாக்கிக்குத் தனிய 5.0 வோல்ற், 2 அம்பியர் வழங்கி வையுங்கோ. முக்கியமா, சூடாக்கியின்ர நிலக் கம்பியும் சமிக்ஞையின்ர நிலக் கம்பியும் ஒண்டாப் போகக்கூடாது. மெல்லிய கம்பியில 0.05 ஓம் தடை இருந்தாலே 500 மில்லி அம்பியருக்கு 25 மில்லிவோல்ற் பிழை வரும். ஊனோவின்ர ஒரு படி 4.9 மில்லிவோல்ற், அப்ப அஞ்சு படி பிழை. ஏ.டி.எஸ். 1115 எண்ட வோல்ற்று அளக்கிற சில்லு ஒண்டு போடுங்கோ. 6.144 வோல்ற் வீச்சில ஒரு படி 0.1875 மில்லிவோல்ற்.

கரண்ட் போறதுக்கு 12 வோல்ற், 7 அம்பியர்மணி பற்றரியும் அதை 5 வோல்ற்றுக்கு இறக்குற சுற்று ஒண்டும் போதும். சூடாக்கி, பம்ப், போர்ட் எல்லாம் சேர்த்து 6 வாற்று எண்டு வைச்சால், பற்றரியை அரைவாசிதான் இறக்கினாலும் ஏழு மணித்தியாலம் தாங்கும். புதுச் சென்சரை முதல் தரம் 48 மணித்தியாலம் தொடர்ந்து சூடாக்கவேணும். ஒருக்கா அணைஞ்சால் மூண்டு நாலு மணித்தியாலத்துக்கு அந்த எண்ணை நம்பாதேங்கோ.

இனி கடைசியும் பெரிசும். மூச்சில புற்றுநோயோட சேர்த்துப் பேசப்படுற ஐசோபிரீன், எக்சனல், நொனனல், புரோப்பனோல் எல்லாம் பில்லியனில் பங்கு அளவில, அதாவது பிபிபி கணக்கில நிக்கிற சாமான்கள். ரி.ஜி.எஸ். 2602இன்ர கையேட்டு வீச்சு எதனோலுக்கு 1 தொடக்கம் 30 பிபிஎம் (மில்லியனில் பங்கு, பிபிபியைப் போல ஆயிரம் மடங்கு). எம்.கியூ. 3 அதைவிட முரடு, குடிச்சவரைப் பிடிக்கச் செய்த சென்சர் அது. அதே நேரம் எங்கட குடலில இருந்து வாற ஐதரசன் மூச்சில பிபிஎம் கணக்கில இருக்கும். கடலை, பயறு சாப்பிட்டால் இன்னும் கூடும். சுருட்டு, பீடி பத்துறவரின்ர மூச்சில காபனோரொட்சைட்டு 10 பிபிஎம்முக்கு மேலயும் போகும். இந்தச் சென்சர்கள் ரெண்டையும் நல்லா உணரும். உங்கட 96 வீதம் காபனோரொட்சைட்டைப் பிடிச்சதாத்தான் இருக்கவேணும். தனிய ஒரு மின்னிரசாயனக் காபனோரொட்சைட்டுச் சென்சர் வைச்சு அந்த எண்ணைப் பக்கத்தில எழுதுங்கோ. அது இல்லாமல் நாளைக்குப் புற்றுநோயாளரை ஊதவைச்சால், புகைக்கிற ஆக்களைப் பிடிச்சிட்டுப் புற்றுநோயைப் பிடிச்சதா நினைப்பியள்.

மார்புக்கிளினிக் எழுதியது:

மேலே சொன்னதில் கருவிப் பக்கம் எல்லாம் வந்துவிட்டது. நான் யாரை ஊதவைப்பது, எப்போது ஊதவைப்பது என்பதைச் சொல்கிறேன்.

உங்கள் 30க்கு 30 திட்டத்தை அப்படியே செய்யவேண்டாம். புற்றுநோய்க் கிளினிக்குக்கு வருபவர் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியவர், பல காலம் புகைத்தவர், நீரிழிவுக்கோ அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர். பலர் கீமோ தொடங்கியிருப்பார்கள். கம்பஸில் இருப்பவருக்கு 24 வயது. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்க மூச்சுப் பெட்டியே தேவையில்லை, தலைமயிரின் நிறம் போதும். பெட்டி எதைக் கண்டு பிரித்தது என்று பிறகு யாராலும் சொல்லமுடியாது.

ஒப்பிடவேண்டியவர்கள் அதே மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில், அதே வாங்கில் காத்திருப்பவர்கள். இருமலோடு வந்து, எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்து, புற்றுநோயா இல்லையா என்று இன்னும் முடிவாகாதவர்கள். எங்கள் பக்கத்தில் அந்த நிழலுக்குக் காசநோய், பழைய காசநோயின் வடு, நிமோனியா என்று பல காரணம் இருக்கும். விறகடுப்புக்கு முன் நாற்பது வருடம் நின்ற அம்மாமாருக்குப் புகைக்காமலே சுவாசத்தடை நோய் இருக்கும். இவர்களுக்குள் புற்றுநோயைப் பிரித்துக் காட்டினால்தான் அந்தப் பெட்டிக்குப் பெறுமதி. மூச்சை முதலில் எடுத்து, பயொப்சி முடிவு வந்தபின் யார் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். எந்த வகைப் புற்றுநோய், எந்த நிலை என்பதையும் எழுதவேண்டும். நான்காம் நிலையில் உள்ளவரைப் பிடிக்கும் பெட்டி முதலாம் நிலையைப் பிடிக்கும் என்று நினைக்க இடமில்லை.

மூச்சுக்குழாய்க்குள் கமரா விடும் நாளில் மாதிரி எடுக்காதீர்கள், தொண்டைக்கு அடிக்கும் மரப்பு மருந்தின் மணம் மூச்சில் ஏறும். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர் தொடங்கமுதல் எடுங்கள். வார்ட்டில் ஸ்பிரிட், கை துடைக்கும் அல்ககோல் திரவம் பாவிக்கும் இடத்தில் எடுத்தால் உங்கள் சென்சர் அதைத்தான் அளக்கும். தாதியர் ஊசி போடும் மேசையிலிருந்து தள்ளி, நோயாளரும் ஒப்பீட்டாளரும் ஒரே அறையில், ஒரே கதிரையில்.

மாதிரி எடுக்கும் விதம்: முதல்நாள் இரவு 10 மணிக்குப் பின் சாப்பாடு, வெற்றிலை, சுருட்டு, கள்ளு எதுவும் இல்லை, தண்ணீர் குடிக்கலாம். இன்சுலின் எடுப்பவரைப் பட்டினி போடவேண்டாம், அவரைத் தனியாகக் குறித்துவையுங்கள். பட்டினியில் அசற்றோன் கூடும் என்பதால் எத்தனை மணித்தியாலம் சாப்பிடவில்லை என்பதையும் எழுதவேண்டும். பச்சைத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கவைத்து, 20 நிமிடம் அதே அறையில் இருக்கவிடுங்கள். இது சடங்கு இல்லை. ஐசோபிரீன் தசை அசைவோடு ஒரு நிமிடத்துக்குள் பல மடங்கு ஏறும். பஸ்ஸால் இறங்கி நடந்து வந்தவரையும் வாங்கில் இருந்தவரையும் உடனே ஊதவைத்தால் நடையைத்தான் ஒப்பிடுவீர்கள்.

பிறகு காபன் வடிகட்டியூடாக மூன்று நான்கு நிமிடம் சாதாரணமாக மூச்செடுக்கவிட்டு, மெதுவாக ஊதச்சொல்லுங்கள். முதலில் வரும் 150 மில்லிலீற்றரளவு வாயிலும் வாதனாளியிலும் நின்ற காற்று, அது நுரையீரலின் சிற்றறை வரை போகாதது. ரி வடிவ இணைப்பில் 500 மில்லிலீற்றர் சிறு பை ஒன்றை முதலில் நிரம்பவிட்டால், பின்னால் வருவது ஒருவழி வால்வைத் தள்ளிக்கொண்டு பெரிய பைக்குள் போகும். இளைப்புள்ளவரால் ஒரே மூச்சில் நிரப்ப ஏலாது, இரண்டு மூன்று தரமாக எடுக்கலாம். ஒவ்வொரு தரமும் சிறு பையை வெறுமையாக்கவேண்டும். இரத்தம் துப்புபவரையும் ஒட்சிசனில் இருப்பவரையும் ஊதச்சொல்லவே கூடாது.

காசநோய்ச் சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை முடிவு வரும்வரை உங்கள் பெட்டியை அவர் முன் வைக்காதீர்கள். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு வாய்த்துண்டு, ஆளுக்கொரு கிருமி வடிகட்டி, காற்றோட்டமுள்ள விறாந்தைப் பக்கம். வடிகட்டியும் மணம் விடும், ஆகவே ஒரே தயாரிப்பை எல்லாருக்கும் பாவியுங்கள்.

இவ்வளவுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். யாழ். மருத்துவ பீடத்தில் அந்தக் குழு இருக்கிறது, வைத்தியசாலைப் பணிப்பாளரின் அனுமதி வேறு. சம்மதப் படிவம் வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும் தமிழில் இருக்கவேண்டும். அதில் ஒரு வரி கட்டாயம்: இந்தப் பெட்டியின் முடிவு உங்களுக்குச் சொல்லப்படமாட்டாது, உங்கள் சிகிச்சையையும் மாற்றாது. நோயறியும் கருவியாக ஒருநாள் பாவிப்பதென்றால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதியவேண்டும். அது 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது.

கிராமத்து ஆஸ்பத்திரியில் வைப்பது பற்றி ஒன்று. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும். சளியில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, குரல் அடைப்பு, விரல் நுனி தடித்து நகம் வளைதல் இருந்தால் நேரே மார்பு வைத்தியரிடம். அந்த ஆளிடம் ஒரு பெட்டி "ஒன்றுமில்லை" என்று பச்சை விளக்குக் காட்டினால் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். மூன்று மாதம் கழித்து வரும்போது வெட்டி எடுக்கக்கூடிய கட்டி வெட்ட ஏலாததாகியிருக்கும். இதை நான் மிகவும் பயப்படுகிறேன்.

அறிவியல்நகர்_அணி4:

மிக்க நன்றி அண்ணை, நன்றி டொக்டர். கம்பஸ் ஆக்களை ஒப்பீட்டுக்கு எடுக்கிற யோசனையை விட்டிட்டம். ரெண்டு கேள்வி. ஸ்கான் இருக்கேக்க மூச்சுப் பெட்டிக்கு உண்மையில இடம் எங்க? மற்றது, 2024இல ஐசோபிரீன் சென்சர் ஒண்டு வந்ததாப் பாத்தம், அந்த வழியில போகலாமோ?

மார்புக்கிளினிக்:

இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 53,454 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான பெரிய ஆய்வில், 55 தொடக்கம் 74 வயதுவரையான கடும் புகைப்பாளருக்கு வருடாந்தம் குறைந்த கதிர்ச் சி.ரி. எடுத்ததால் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 வீதம் குறைந்தது. ஆனால் அதில் "சந்தேகம்" என்று வந்த ஸ்கான்களில் 96.4 வீதம் புற்றுநோய் இல்லை. அந்தச் சிறு கட்டிகளில் எதற்கு ஊசி போடுவது, எதை ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது என்று தெரிவதுதான் சிரமம். மூச்சு உதவக்கூடிய இடம் அங்கேதான், ஸ்கானுக்குப் பக்கத்தில்.

நீங்கள் சொல்லும் ஐசோபிரீன் சென்சர் சீனாவிலிருந்து வந்தது. பிளற்றினம், இந்தியம், நிக்கல் ஒட்சைட்டு நுண்தகடுகள், 2 பிபிபி வரை உணரும். புற்றுநோய் உள்ளவர்களில் 40 பிபிபிக்குக் கீழும் இல்லாதவர்களில் 60க்கு மேலும் வந்தது. நல்ல வேலை, ஆனால் சோதித்தது 13 பேரில், அதில் 5 பேர் நோயாளர். இந்தத் துறையின் வரலாறு முழுக்க இப்படித்தான். லைனஸ் போலிங் 1971இல் மூச்சில் ஏறக்குறைய 250 சேர்வைகளைக் காட்டினார். மைக்கேல் பிலிப்ஸ் குழு 1999இல் 22 சேர்வைகளின் கூட்டைச் சொன்னது. ஹொசாம் ஹைக் குழு 2009இல் தங்க நுண்துகள் சென்சர்களால் பிரித்துக் காட்டியது. ஆய்வுக்கு ஆய்வு பட்டியல் மாறுகிறது. மாதிரி எடுத்த விதமும் ஒப்பிட்ட ஆட்களும் வேறு வேறு என்பது அதற்குப் பெரிய காரணம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த 96 வீதத்தைப் பற்றி. ஒரே ஆளின் மூன்று ஊதலில் இரண்டு பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழுந்திருக்கிறது. கணினி மாதிரி (மொடல்) அந்த ஆளை அடையாளம் கண்டுவிட்டது, அவ்வளவுதான். பிரிக்கும்போது ஆளால் பிரியுங்கள். இன்னும் நல்லது நாளால் பிரிப்பது: சில நாட்களின் தரவு முழுவதையும் ஒளித்துவைத்து, மற்ற நாட்களில் பழக்குங்கள். 24 பேரில் 16 பேர் புகைக்காதவர் என்பதால், எல்லாரையும் "புகைக்காதவர்" என்று சொன்னாலே 67 வீதம் வரும். ஒப்பிடவேண்டியது அந்த 67ஓடு.

ஏமாற்றத்தைப் பிடிக்க இரண்டு பொறி வைக்கலாம். மூச்சு உள்ளே வரமுன் பதிந்த அடிக்கோட்டுத் துண்டை மட்டும் எடுத்து அதே மாதிரியைப் பழக்குங்கள். சுத்தக் காற்றைப் பார்த்தே அது நோயாளரைப் பிரித்தால், பிரித்தது சென்சரின் நகர்வை. அடுத்து, அதே மூச்சுத் தரவால் "எந்தக் கிழமை எடுத்தது" என்று கேளுங்கள். அதற்கும் சரியாகச் சொன்னால் உங்கள் பெட்டி கலண்டர் வாசிக்கிறது. நோயாளரைத் திங்களும் ஒப்பீட்டாளரைச் செவ்வாயும் எடுத்தால் இது நிச்சயம் நடக்கும். ஒருவர் மாறி ஒருவர் எடுங்கள், அளப்பவருக்கு யார் எவர் என்று தெரியக்கூடாது.

இனி எண்ணிக்கை. உண்மையான நோயாளரில் 90 வீதம் பேரைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்து, அந்த எண்ணை 10 வீதம் கூடக் குறைய என்ற நம்பிக்கை எல்லைக்குள் சொல்ல 35 நோயாளர் வேண்டும். 5 வீத எல்லைக்கு 139. இது ஏற்கனவே பழக்கி முடித்த மாதிரியைச் சோதிக்க மட்டும், பழக்குவதற்கு வேறு ஆட்கள் வேண்டும்.

எந்த இடத்தில் பாவிக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். கணக்குக்காக, நோயாளரில் 90 வீதத்தைப் பிடித்து, நோயில்லாதவரில் 90 வீதத்தைச் சரியாக விடும் பெட்டி என்று வைப்போம். ஊர் முழுக்க 10,000 பேரை ஊதவைக்கிறோம், அதில் 50 பேருக்கு நோய். 45 பேர் பிடிபடுவர், 5 பேர் தப்புவர், நோயில்லாத 995 பேருக்கும் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்த 1,040 பேரில் உண்மை 4.3 வீதம். அதே பெட்டியை ஸ்கானில் கட்டி தெரிந்த 100 பேரிடம் கொண்டுபோங்கள், அதில் 30 பேருக்கு நோய் என்றால் 27 பிடிபடும், 7 பிழை. சிவப்பில் 79 வீதம் உண்மை. பச்சை எரிந்த 66 பேரில் 3 பேருக்கு நோய் இருக்கும், அந்த மூவருக்காக ஸ்கானைத் திரும்ப எடுக்கத்தான் வேண்டும். டொக்டர் சொன்ன இடமும் இந்தக் கணக்குச் சொல்லும் இடமும் ஒன்றுதான்.

அறிவியல்நகர்_அணி4:

ஆளால பிரிச்சுத் திரும்ப ஓடினம், 71 வீதத்துக்கு இறங்கிட்டுது. திட்டத்தின்ர தலைப்பையே "மூச்சு மாதிரி எடுத்தலும் அளவீட்டின் மீளப்பெறுதன்மையும்" எண்டு மாத்தலாமோ எண்டு மேற்பார்வையாளரோட கதைக்கிறம். பையில எடுத்து வந்து ஆய்வுகூடத்தில அளந்தால் சரியோ? தெரிஞ்ச அளவு வாயுவை நாங்களே தயாரிக்க ஏலுமோ?

முதிரைக்கட்டை:

நல்ல முடிவு. அந்தத் தலைப்பே இறுதியாண்டுக்குத் தாராளம். ஒரே ஆளை அஞ்சு நாள், ஒரே நேரத்தில அளந்து, சிதறல் சராசரியின்ர 10 வீதத்துக்குள்ள வந்தபிறகு நோயாளரைப் பற்றி யோசிக்கலாம்.

பை எண்டால் 3 லீற்றர் ரெட்லார், அது வாயு சேர்க்கிற பிளாஸ்ரிக் பை. உங்களுக்கு வேண்டியது நிமிசத்துக்கு 200 மில்லிலீற்றர் வீதம் ரெண்டு நிமிசம், மூண்டு தரம், அதாவது 1.2 லீற்றர். 2 லீற்றர் எடுத்தால் காணும். புதுப் பை பீனோலும் டைமெதில் அசற்றமைட்டும் விடும். 45 பாகையில வைச்சு நைதரசனால மூண்டு நாலு தரம் நிரப்பி வெறுமையாக்கிப்போட்டுத்தான் பாவிக்கவேணும். ஆறு மணித்தியாலத்துக்குள்ள அளந்து முடியுங்கோ. பை குளிர்ந்தால் உள்பக்கத்தில தண்ணி முத்துமுத்தாக் கட்டும், கரையிற சேர்வை எல்லாம் அதுக்குள்ள போயிடும். அளக்க முதல் 40 பாகைப் பெட்டியில 15 நிமிசம் வையுங்கோ. ஏ9 வழிய பஸ்ஸின்ர யன்னலோரம் வெயில்ல கொண்டுவாற பையை நம்ப ஏலாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில எடுத்துக் கிளிநொச்சியில அளக்கிறதெண்டால், ஆவியைப் பிடிச்சு வைக்கிற ரெனக்ஸ் தூள் நிரப்பின உருக்குக் குழாயில ஏத்தி, பித்தளை மூடியால இறுக்கி, ஐஸ்பெட்டியில கொண்டுவாங்கோ. ஆனால் அதை 250 பாகைக்கு மேல சூடாக்கி விடுவிக்க வேற கருவி வேணும், அது ஆவிகளைப் பிரிச்சு இனங்காணுற ஜி.சி.-எம்.எஸ். கருவி உள்ள ஆய்வுகூடத்தின்ர வேலை. உங்களுக்குப் பெட்டியையே கிளினிக்குக்குக் கொண்டுபோறதுதான் லேசு.

பம்பைச் சென்சர் அறைக்குப் பின்னால வையுங்கோ, முன்னால வைச்சால் அதின்ர றப்பர் மணம் உள்ள போகும். 120 செக்கன் ஈரச் சுத்தக் காத்து, 120 செக்கன் மூச்சு, 300 செக்கன் திரும்பச் சுத்தக் காத்து. உச்சத்தை மட்டும் எடுக்காதேங்கோ. அடிக்கோட்டுத் தடைக்கு எதிரான விகிதம், ஏறுற சரிவு, இறங்குற சரிவு மூண்டையும் எடுங்கோ. எடுத்தது உண்மையிலயே சிற்றறைக் காத்தோ எண்டு பாக்கக் காபனீரொட்சைட்டு அளக்கலாம், 4 வீதத்துக்குக் கீழ நிக்கிற பையைக் கழிச்சுவிடுங்கோ. கடையில மலிவா வாற காபனீரொட்சைட்டுச் சென்சர் 5,000 பிபிஎம்மோட நிண்டுபோகும், மூச்சில இருக்கிறது 40,000க்கு மேல. 10 வீதம் வரை அளக்கிறதாப் பாத்து வேண்டுங்கோ.

தெரிஞ்ச அளவு வாயு: 10 லீற்றர் பையில சுத்தக் காத்து நிரப்பி, 10 மைக்ரோலீற்றர் ஊசியால 2.38 மைக்ரோலீற்றர் தூய எதனோல் விட்டால், 25 பாகையில 100 பிபிஎம். அதில 100 மில்லிலீற்றரைக் கண்ணாடி சிறிஞ்சால எடுத்து, 9.9 லீற்றர் காத்துள்ள வேற பைக்குள்ள விட்டால் 1 பிபிஎம். நேரடியா 1 பிபிஎம் செய்யப் பாத்தால் 0.024 மைக்ரோலீற்றர் வேணும், அதை அந்த ஊசியால திருத்தமா அளக்க ஏலாது. ஐசோபிரீனுக்கு முதல் பையில 4.1 மைக்ரோலீற்றர். 1 பிபிஎம் பையில இருந்து 1 லீற்றரை 9 லீற்றர் காத்துக்குள்ள விட்டால் 100 பிபிபி, சாதாரண மூச்சில இருக்கிற அளவுக்குக் கிட்ட. உங்கட பெட்டி அந்த 100 பிபிபியை வெறும் பையில இருந்து பிரிக்குதோ எண்டு பாருங்கோ. பிரிக்காட்டி, ஐசோபிரீன் கதையை இந்தச் சென்சர்களோட விட்டிடலாம்.

ஐசோபிரீனில ஒரு கவனம். அது 34 பாகையில கொதிக்கும். சித்திரை மாதம் கிளிநொச்சியில மத்தியானம் மூடியைத் திறந்தால் ஊசிக்குள்ளயே குமிழ் கட்டி அளவு பிழைக்கும், போத்தலும் வெறுமையாகும். குளிரூட்டியில வைச்சு, ஊசியையும் குளிரவைச்சு, விடியவெள்ளன எடுங்கோ. தீப்பிடிக்கிற சாமான், மூக்கால இழுக்கக்கூடாததும்கூட, புகைப்போக்கி அலுமாரிக்குள்ளதான் திறக்கவேணும்.

காலபோக அறுவடை முடிஞ்சு வைக்கோல் எரிக்கிற நாட்களில அறைக் காத்தே புகைமூட்டமா இருக்கும். உங்கட காபன் குழாய் ஆவியைப் பிடிக்கும், காபனோரொட்சைட்டையும் ஐதரசனையும் பிடிக்காது. அந்த நாட்களில ஆரையும் அளக்காதேங்கோ. மற்ற நாட்களில முதல் ஆளுக்கு முன்னும் கடைசி ஆளுக்குப் பின்னும் அந்த அறைக் காத்தையே ஒரு பையில நிரப்பி, நோயாளரின்ர பை மாதிரியே இலக்கம் போட்டு அளவுங்கோ.

அறிவியல்நகர்_அணி4:

குறிச்சுக்கொண்டம் அண்ணை. பழைய ரி.ஜி.எஸ். 2602ஐப் புதுசோட வைச்சு 1 பிபிஎம் எதனோலில பாத்தம். புதுசு தடையில 41 வீதம் இறங்குது, பசைப் பெட்டிக்குள்ள இருந்தது 12 வீதம். அதைக் கழற்றியாச்சு.

முதிரைக்கட்டை:

எறியாதேங்கோ. ரெண்டின்ர வளைகோட்டையும் ஒரே வரைபில கீறி அறிக்கையில போடுங்கோ. அடுத்த வருசம் இதே வேலை செய்யிற பிள்ளையள் பசைக் குழாயைத் தொட முதல் அதைப் பாக்கட்டும்.